குடும்பத்தோடு வந்த கடல்

நண்டோடைக் குப்பத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை அம்மனுக்கு, கடைசிப் பத்திரிகை கடலுக்கு. நடுவில் யாருக்குப் பத்திரிகை வைக்க மறந்தாலும் பிறகு வீடு தேடிப் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், இந்த இரண்டு பேரிடம் மட்டும் சமாதானம் செல்லாது. கடலைக் கூப்பிடுவதற்கென்று ஒரு முறை இருந்தது. பெண்ணைப் பெற்றவள் வெயில் தாழ்ந்ததும் கரைக்குப் போய், அலை வந்து தொடுகிற இடத்தில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் பத்திரிகையும் வைத்து, "அம்மா, பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், நீ இருந்த எடத்துல இருந்தே வாழ்த்தும்மா" என்று சொல்ல வேண்டும். ஓர் அலை வந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு போனால் கடல் சரி என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். இருந்த இடத்தில் இருந்தே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏன் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் யாரும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை, தையல்நாயகி சொல்லாமல் விட்ட அந்தச் சாயங்காலம் வரைக்கும்.

தையல்நாயகிக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவள் புருஷன் கலியமூர்த்தி வலையை வெயிலில் விரித்துப் போட்டுவிட்டு வரலாம் என்று கரைக்குப் போனான். மீன்பிடிக்கக் கிளம்பினால் வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று சொல்லுவான், இவள் "போயிட்டு வா" என்று சொல்லுவாள், ஆனால் இதோ கூப்பிடு தூரத்தில் இருக்கிற கரைக்கு யார் சொல்லிக்கொண்டு போவார்கள். அவன் வரவில்லை, அவன் உடம்பும் வரவில்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற தையல்நாயகி அன்றைக்குக் கிழக்குத் திசையோடு உறவை முறித்துக்கொண்டவள்தான். அரசாங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்பில் மேற்கே வாசல் வைத்த வீடாகக் கேட்டு வாங்கினாள். மீன் விற்பதை விட்டுவிட்டு மாவு மிஷின் வைத்தாள், அது ஓடுகிற சத்தத்தில் அலைச்சத்தம் காதில் விழாது என்பதும் அதற்கு ஒரு காரணம். குழம்புக்குக்கூட ஆற்று மீனாகப் பார்த்துத்தான் வாங்குவாள், ஒரு மீனவக் குப்பத்தில் இதைவிடப் பெரிய அவமரியாதையைக் கடலுக்கு யாரும் செய்துவிட முடியாது. ஊரில் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு ஆயுசு முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில்லையா, அப்படித்தான் இதுவும், எதிர்த்த வீட்டுக்காரர் கொஞ்சம் பெரிய ஆள் என்பதைத் தவிர.

அந்தக் கைக்குழந்தை நீலாயதாட்சி, ஊர் வாயில் நீலா, வளர்ந்து பக்கத்துக் குப்பத்துக் குமரவேலுவைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்து, வைகாசியில் நாள் குறித்தார்கள். மீன் முட்டையிடுகிற பருவம் என்று படகுகளைக் கரையில் கட்டிப் போடச் சொல்கிற தடைக்காலத்தில்தான் அந்தப் பக்கத்துக் கல்யாணங்கள் எல்லாம் நடக்கும், ஆண்பிள்ளைகள் வீட்டில் இருப்பது அப்போதுதான். பத்திரிகை வைக்கிற வேலை தையல்நாயகிக்கும் அவள் நாத்தனார் அமுர்தத்துக்கும். கலியமூர்த்தியின் அக்காவான அமுர்தம் ஊரில் வாய்க்காரி என்று பெயரெடுத்தவள், ஆனால் தம்பி போன பிறகு தம்பி பெண்டாட்டியை ஒரு நாள் ஒரு பொழுது தனியாக விட்டவள் இல்லை. காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் தாம்பாளத்தை நீட்டி, "குடும்பத்தோட முன்னாடியே வந்து இருந்து நடத்திக் குடுக்கணும்" என்று சொல்லிச் சொல்லி, சொல்கிற வாய்க்கும் கேட்கிற காதுக்கும் அர்த்தமே தெரியாத அளவுக்கு அந்த வாக்கியம் தேய்ந்து போன பிறகு, கடலுக்கு உண்டான பத்திரிகை மட்டும் தாம்பாளத்தில் மிச்சமிருந்தது.

தையல்நாயகி தன்னால் முடியாது என்று சொல்லிப் பார்த்தாள். பெற்றவள் வைக்காவிட்டால் பெண்ணுக்கு ஆகாது என்று அமுர்தம் ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டாள். ஆகவே அவள் போனாள், கண்ணை மூடிக்கொண்டு, அமுர்தத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலில் ஈர மணல் பட்டதும் குனிந்து தட்டை வைத்து, சீக்கிரம் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்கிற ஒரே நினைப்பில் சொன்னாள்: "பொண்ணுக்குக் கல்யாணம். குடும்பத்தோட முன்னாடியே வந்து இருந்து நடத்திக் குடுக்கணும்."

உடைய வந்த அலை உடையாமல் நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வெற்றிலையையும் பாக்கையும் மஞ்சளையும் பத்திரிகையையும், எந்த வீட்டுக் கல்யாணத்திலும் செய்யாத விதமாகத் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

"என்னாடி சொல்லிப்புட்ட" என்று அமுர்தம் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

கடலும் அதன் குடும்பமும் கிளம்புகிற செய்தி நண்டோடைக்கு முதலில் ரேடியோவில் வந்தது. மீனவர்களுக்கான வானிலை வாசிக்கிற அம்மாள், தினமும் வாசிக்கிற அதே குரலில், அந்தமான் கடலில் உருவாவதாக இருந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி தன் வேலையைத் தள்ளி வைத்திருப்பதாகவும், லட்சத்தீவுப் பக்கம் வீசிக்கொண்டிருந்த காற்று வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டதாகவும், பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்து பேரலைகள் கிழக்குக் கரையை நோக்கி அவசரமில்லாமல் நடந்து வந்துகொண்டிருப்பதாகவும், கேரளக் கரையில் பருவமழை தொடங்குவது ஒரு குடும்ப விசேஷத்தை முன்னிட்டுத் தாமதமாகும் என்றும் வாசித்தாள். குமரிக்கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் மாலத்தீவை ஒட்டிய பகுதிகளிலும் அலையின் உயரம் இல்லை, காற்றின் வேகம் இல்லை, மீனவர்கள் யாரும் அங்கே தேடிக்கொண்டு போக வேண்டாம் என்றும் சொன்னாள். பிறகு வழக்கம் போல விவசாயிகளுக்கான செய்திகள் வந்தன.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. ஊர்த் தலைவரான நாட்டார் வைத்திலிங்கம் பெரிய மனிதர், எந்த விஷயத்தையும் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை கேட்பவர். வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாமே என்று ஒருவர் ஆரம்பிக்க, கூப்பிட்டுவிட்டு வராதே என்று சொல்கிற பழக்கம் நண்டோடையில் எந்தக் காலத்திலும் கிடையாது என்று நாட்டார் அதை அங்கேயே முடித்தார். அதற்கப்புறம் எல்லோரும் வேலையில் இறங்கினார்கள். கடல் பெண் வீட்டு விருந்தாளியா மாப்பிள்ளை வீட்டு விருந்தாளியா என்று ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது, இரண்டு குப்பத்துக்கும் ஒரே கடல்தானே என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் குரலை உயர்த்தினார், பத்திரிகை யார் வைத்தது என்று இந்தப் பக்கம் கேட்டதும் அடங்கினார். சமையல்காரர் பக்கிரிசாமிக்கு வேறு கவலை. கடலுக்கு முன்னால் மீன் குழம்பு வைப்பது பெற்றவளுக்கு முன்னால் பிள்ளையை வெட்டி வைப்பது போல என்பதால் சாம்பார்தான் என்று அவர் முடிவு செய்தார், மீனவக் குப்பத்துக் கல்யாணத்தில் சாம்பாரா என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் மறுபடியும் குரலை உயர்த்தினார். இலையில் முதலில் வைக்கிற உப்பை அந்த ஒரு விருந்தாளிக்கு மட்டும் விட்டுவிடலாம் என்றும் பேசி முடித்தார்கள்.

கூட்டத்தில் அதுவரை வாயே திறக்காமல் இருந்த அமுர்தம், எல்லோரும் எழுந்திருக்கிற நேரத்தில்தான் அதைச் சொன்னாள். "குடும்பத்தோடன்னு சொல்லியாச்சு. சுனாமில போயி அங்க இருக்குறவங்க எல்லாரும் இப்ப அவ குடும்பந்தானே."

அன்று சாயங்காலம் நண்டோடையில் பல வீடுகளில் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பழைய வேட்டிகளும் பாவாடைகளும் சட்டைகளும் துவைத்துக் கொடியில் காய்ந்தன, பள்ளிக்கூடத்துச் சீருடை ஒன்றுகூடக் காய்ந்தது. தையல்நாயகி எதையும் எடுக்கவில்லை. மிஷினை ஓடவிட்டு, அரைக்க ஒன்றும் இல்லாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கலியமூர்த்தி வந்துவிடுவானோ என்று பயமாக இருந்தது, வராமல் போய்விடுவானோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

கல்யாணத்தன்று விடிந்ததும் கடல் உள்வாங்கியது. குளித்து முழுகி உடுத்திக்கொள்ளத்தான் அப்படி உள்ளே போனது என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் அந்த ஊர் கடல் உள்வாங்குவதை ஒரு தரம் பார்த்த ஊர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, வாணலியை அடுப்பிலேயே விட்டு, நாதஸ்வரத்தை உறையில் போடாமல், தாலியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, பட்டுப்புடவையும் மாலையுமாக ஊரே புயல் பாதுகாப்பு மையத்து மாடிக்கு ஓடியது. மாடியிலிருந்து பார்த்தார்கள். கடல் வந்தது. புடவைக் கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வருகிறவளைப் போல, தன்னைத்தானே அடக்கிப் பிடித்துக்கொண்டு, படகுகளைச் சாய்க்காமல், காய்கிற கருவாட்டை நனைக்காமல், தெருமுனையில் கட்டியிருந்த வாழை மரங்கள் வரைக்கும் வந்தது. வந்து நின்றது. அதற்குப் பின்னால் காற்றுகளும் மேகங்களும் அலைகளும் வானத்து விளிம்பு வரைக்கும் வரிசையில் நின்றன. வாசலில் பன்னீர் தெளித்து வாங்க என்று சொல்ல ஆள் இல்லாததால் எல்லோரும் நின்றார்கள்.

வெகுநேரம் நின்றார்கள். கடைசியில் மணப்பெண்தான் பேசினாள்.

"அம்மா, வாசல்ல நிக்கிறாங்க."

தையல்நாயகி பன்னீர்ச்செம்பை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். கோபம் இருந்தது, அத்தனை வருஷத்துக் கோபமும் இருந்தது, அதோடு வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைத்த வெட்கமும் சேர்ந்து முகம் சிவந்து போயிருந்தது. வாழை மரங்களுக்கு நடுவில் நின்று முதன்முதலாகக் கண்ணைத் திறந்து நேருக்கு நேர் பார்த்தாள். கடல் தலையைக் குனிந்துகொண்டது. வா என்கிற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. செம்பைச் சாய்த்து மூன்று தடவை தெளித்தாள், அவ்வளவுதான். கடல் அதையே பெரிய உபசாரமாக எடுத்துக்கொண்டு உள்ளே வந்தது.

தெரு முழுக்க முழங்கால் அளவுக்கு நின்றது கடல். யாருடைய புடவைக் கரையும் நனையவில்லை. நனைக்காமல் எப்படி ஒரு கடல் நிற்கும் என்று கேட்டால், கல்யாண வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்குத் தெரியும் என்பதுதான் பதில். சோமாலியாவிலிருந்து சுமத்ரா வரைக்கும் விரிந்து கிடக்கிற சொந்தம் ஒரு தெருவில் எப்படி அடங்கியது என்று கேட்டால், கல்யாண வீட்டுக் கூடத்தில் எத்தனை பேர் படுத்து எழுந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அதுவும் புரிந்துவிடும்.

கடலின் சொந்தமும் நம் சொந்தம் மாதிரியேதான் இருந்தது. வாடைக் காற்று, கொண்டல் காற்று, சோளகம், கச்சான் என்று நாலு திசைக் காற்றும் அண்ணன் தம்பிகளாக வந்திருந்தார்கள். முதல் பந்தியில் கொண்டலை உட்கார வைத்துவிட்டுத் தன்னைக் கூப்பிடவில்லை என்று மேற்கிலிருந்து வந்த கச்சான் கோபித்துக்கொண்டு பந்தல் துணியை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டது, நாட்டார் பின்னாலேயே ஓடி, பருவம் உங்களுடையது, கல்யாணமே உங்களுடையது என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்தமானிலிருந்து வந்த தாழ்வுப் பகுதி கனத்த சரீரம், உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து சுற்றியிருந்தவர்களை எல்லாம் தன் பக்கம் இழுத்து வைத்து ஊர்வம்பு கேட்டுக்கொண்டிருந்தது. பூமத்திய ரேகையிலிருந்து வந்த, காற்றே வீசாத அமைதிக்குப் பேசவே தெரியாது, அது உட்கார்ந்த இடத்தில் விசிறி நின்றது, பிள்ளைகள் தூங்கின, சண்டை போட்டுக்கொண்டிருந்த சம்பந்திகள் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று மறந்து போனார்கள். மலாக்கா பக்கத்துத் திடீர் மழைகள் சின்னப் பிள்ளைகள், வடக்குத் தெருவில் ஓடி நனைத்துவிட்டுத் தெற்குத் தெருவில் வெயிலடிக்க வைத்துவிட்டுப் பந்தல் காலைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடின.

எல்லோருக்கும் பெரியவர் தென்கோடியிலிருந்து உருண்டு வந்த நீண்ட பேரலை, நெட்டலை. எந்தக் காற்றின் கையையும் பிடிக்காமல் அத்தனை தூரமும் தானாகவே நடந்து வந்தவர், ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு விட அத்தனை நிதானம். அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. மேகமும் இல்லாமல் காற்றும் இல்லாமல் சொல்லாமல் கொள்ளாமல் கரையேறுகிறார் என்பதற்காக மேற்குக் கரைக்காரர்கள் அவருக்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்டப்பகலில் இத்தனை தூரம் நடந்து வருகிறவனைத் திருடன் என்று சொல்லலாமா என்று அவர் கேட்டதும் பந்தியில் இருந்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. நண்டோடையில் இனி அவருக்குப் பெரியப்பா என்றுதான் பெயர் என்று நாட்டார் எழுந்து நின்று அறிவித்தார். பெரியப்பா சாம்பாரை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பக்கிரிசாமிக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

கடலோடு போனவர்கள் வந்தது எல்லோருக்கும் கடைசியில். தண்ணீரின் பின் வரிசையிலிருந்து, கோயில் திருவிழா முடிந்து வீடு திரும்புகிற கூட்டம் போலப் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள், போனபோது எந்த வயதோ அதே வயதில். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவர் இருவராகப் பிரிந்தார்கள். ஊரில் எழுந்த சத்தத்தை அழுகை என்றும் சொல்ல முடியாது, சிரிப்பு என்றும் சொல்ல முடியாது, நாதஸ்வரக்காரர் ஒன்றும் புரியாமல் கெட்டிமேளத்துக்கு வாசிக்கிறதை வாசித்துவிட்டார். பள்ளிக்கூடத்துச் சீருடை துவைத்துப் போட்டிருந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அங்கே என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டாம்.

கலியமூர்த்தி பச்சைக் கட்டம் போட்ட கைலியோடு, தோளில் வலையோடு வந்து, புதுமாப்பிள்ளை மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு தையல்நாயகிக்கு முன்னால் நின்றான். அவளுக்குத் தலை நரைத்திருந்தது, அவனுக்கு மீசை இன்னும் சரியாக அடர்த்தியாகவில்லை.

"மாவு வாசனையா வருது ஒம்மேல" என்றான்.

"ஒம்மேல மட்டும் என்னா பன்னீர் வாசனையா வருது" என்றாள் தையல்நாயகி. சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு மற்றதெல்லாமும் வந்தது, அமுர்தம் ஓடி வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தெருவே கேட்க அழுதாள்.

பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிற நேரத்தில், அப்பனுக்கென்று காலியாகப் போட்டிருந்த மணையில் கலியமூர்த்தி உட்கார்ந்தான். மணப்பெண்ணுக்கும் அவனுக்கும் ஐந்தாறு வயதுதான் வித்தியாசம் தெரிந்தது. மாமா என்று கூப்பிடக் குமரவேலுவுக்கு நாக்கு எழவில்லை, அவனுடைய கூட்டாளிகள் பின்னாலிருந்து மாமா, மாமா என்று எடுத்துக் கொடுத்துக் கேலி செய்தார்கள். மகளின் கையை எடுத்து மருமகன் கையில் வைத்துச் செம்பிலிருந்து தண்ணீர் விட்டபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. நீலா அந்தத் தண்ணீர் பட்ட விரலை யாருக்கும் தெரியாமல் நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. தாலி கட்டியதும் எல்லாக் காற்றும் ஒரே சமயத்தில் அட்சதை தூவியதால் அரிசி பக்கத்து ஊர் வரைக்கும் போய் விழுந்தது.

கல்யாணம் முடிந்தது, மறுநாள் கறிவிருந்து முடிந்தது, மறுவீடு முடிந்தது. கடல் போகவில்லை. அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. முறையாகக் கூப்பிட்டு வந்த விருந்தாளி, கூப்பிட்டவர் வாயால் விடை கொடுத்தால்தானே எழுந்திருக்க முடியும். மூட்டை முடிச்சைக் கட்டி வைத்துவிட்டுத் தையல்நாயகியின் முகத்தைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தது. ரேடியோ அம்மாள் தினமும் அலை இல்லை, காற்று இல்லை என்று வாசித்தாள். நடுக்கடலில் கப்பல்கள் தரை தட்டி நிற்பதாகவும், மாலுமிகள் இறங்கி நடந்து பக்கத்துக் கப்பலுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவதாகவும் செய்தி வந்தது. பருவமழையை எதிர்பார்த்துக் கேரளாவில் குடையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், குறுவைக்கு விதை நெல்லை ஊற வைக்கலாமா வேண்டாமா என்று டெல்டாவில் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

நண்டோடையில் யாரும் தையல்நாயகியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடல் போனால் குடும்பத்தோடு போகும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கூடுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாருக்குக் கேட்க மனசு வரும். நாட்டார்கூட அவள் வீட்டுப் பக்கம் வந்தால் மூக்குப்பொடி டப்பாவைத் தேடுகிறவர் மாதிரி மடியைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனார்.

தையல்நாயகி கலியமூர்த்தியை அனுப்புவதாக இல்லை. அதை அவள் தனக்குத்தானே தெளிவாகச் சொல்லிக்கொண்டாள். மழை பெய்யாவிட்டால் போகட்டும், கப்பல் நிற்கட்டும், ஊர் கேட்டதையெல்லாம் கொடுத்தாயிற்று, இதைக் கொடுக்க முடியாது. காலையில் அவனுக்குத் தோசை வார்த்தாள், மிஷினில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், மாவை அளந்து போடக் கற்றுக்கொடுத்தாள். அவனும் சொன்னதைச் செய்தான்.

தடைக்காலம் முடிகிற நாள் வந்தது. வேறு வருஷமாக இருந்தால் படகுகளுக்குப் பூ சுற்றிச் சூடம் கொளுத்தி, குப்பமே திருவிழாவாக இருக்கும். இந்த வருஷம் படகுகளுக்கு முன்னால் கண்ணுக்கெட்டின தூரம் வரை வெறும் மணல். புதுமாப்பிள்ளை குமரவேலு தன் பைபர் படகின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு அந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான், நீலா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த தையல்நாயகி, மிஷின் வாசலில் கலியமூர்த்தி நிற்பதைப் பார்த்தாள். கை முழுக்க மாவோடு, மேற்கே பார்த்த வாசலில் நின்றுகொண்டு கழுத்தை முடிந்தவரைக்கும் கிழக்கே திருப்பி, ஒரு விரலை வாயில் வைத்து ஈரமாக்கி மேலே தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான். காற்று எங்கே இருக்கிறது, நாலு காற்றும் நாட்டார் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தன. ஆனாலும் அவன் விரலை இறக்காமல் நின்றான்.

அவளுக்கு அந்த விரல் நினைவிருந்தது. அந்தக் காலத்திலும் தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் அவனை வீட்டில் வைத்திருக்க முடியாது, கூரையைப் பிரித்துக் கட்டுவான், கட்டியதைப் பிரிப்பான், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான், தொலையட்டும் என்று கடலுக்கு அனுப்பினால்தான் வீடு அமைதியாகும். அதை நினைத்ததும் தையல்நாயகி சிரித்துவிட்டாள்.

"ஒன்னால வீட்டுல இருக்க முடியாதுல்ல."

கலியமூர்த்தி விரலை மறைத்துக்கொண்டான். "நீ சொன்னா இருக்குறேன்" என்றான்.

அவன் இருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. எத்தனை வருஷமானாலும் கையில் மாவோடு இப்படியே கழுத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பான். அதைப் பார்த்துக்கொண்டு தன்னால் இருக்க முடியாது என்பதும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மிஷினை நிறுத்தினாள். சத்தம் அடங்கியதும், அவள் புருஷன் அவளுக்குப் பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தமும், தெருவில் கடல் மூச்சு விடுகிற சத்தமும் கேட்டன, இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. முந்தானையால் அவன் கையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டாள். வெற்றிலைத் தட்டை எடுத்தாள்.

ஊர் பின்னால் வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு பேர் மூன்று பேராகக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், யாரும் அவளைத் தடுக்கவில்லை. வாழை மரங்களைத் தாண்டி, படகுகளைத் தாண்டி, எப்போதும் அலை வந்து தொடுகிற இடத்தில் தையல்நாயகி நின்றாள். கடல் மூட்டை முடிச்சோடு அவளுக்கு எதிரே வந்து நின்றது. கலியமூர்த்தி கைலியை மடித்துக் கட்டி, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை சொல்லிக்கொள்ள நின்றான்.

"போயிட்டு வரேன்" என்றான்.

தையல்நாயகி அவனைப் பார்த்தாள். பிறகு கடலை நேராகப் பார்த்து, சுனாமிக்குப் பிறகு முதல் தடவையாக, மனசறிந்து அதனிடம் பேசினாள்.

"போயிட்டு வா" என்றாள். வெற்றிலைத் தட்டை ஈர மணலில் வைத்தாள். "நீலாவுக்கு வளைகாப்பு வரும். குடும்பத்தோட முன்னாடியே வந்து இருந்து நடத்திக் குடுக்கணும்."

இந்த முறை அமுர்தம் வாயில் அடித்துக்கொள்ளவில்லை. "முன்னாடியே வரணும், சொல்லிப்புட்டோம்" என்று சேர்ந்துகொண்டாள், அவளுக்குப் பின்னால் ஊரே சேர்ந்துகொண்டது. வீட்டுக்காரர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று கடல் பின்னால் அடி வைத்தே போனது. காற்றுகள் நாலும் நாலு பக்கம் பிரிந்தன, கச்சான் மட்டும் மழையைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கே ஓடியது, பெரியப்பா மெதுவாகத் தெற்கே நடந்தார், மலாக்கா மழைகள் போக மாட்டேன் என்று அடம்பிடித்து இரண்டு அடி வாங்கிக்கொண்டு போயின. போகிறவர்கள் கை காட்டிக்கொண்டே போனார்கள், நிற்கிறவர்கள் கை காட்டிக்கொண்டே நின்றார்கள். தண்ணீர் நிறைந்து வானத்து விளிம்பைத் தொட்டதும் ஓர் அலை மட்டும் திரும்பி ஓடி வந்து வெற்றிலையையும் பாக்கையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போனது.

ரேடியோ அம்மாள் அன்று சாயங்காலம் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் கேரளக் கரையில் பருவமழை தொடங்கியதையும் வாசித்தபோது அவள் குரல் லேசாகக் கம்மியது என்று நண்டோடையில் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டே தையல்நாயகி மகளுக்கும் மருமகனுக்கும் இலை போட்டாள். மறுநாள் விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று குமரவேலு அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இலையில் சுடச்சுடக் கடல் மீன் குழம்பு இருந்தது. அவள் அவனுக்கு இன்னொரு துண்டு வைத்துவிட்டு, நீலாவையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"போன எடத்துல ரொம்ப நாளு தங்காம வந்து சேருங்க தம்பி" என்றாள். "அங்க ஒருத்தரு வளைகாப்புக்குக் காத்துக்கிட்டு இருக்காரு."